ஒரு தடம், பல ஒளிகள்

1875 ஜூன் 2 அன்று பாஸ்டன் நகரில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் உதவியாளர் தாமஸ் வாட்சனும் முனைந்திருந்தது தொலைபேசிக்காக அல்ல. ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை ஒருசேர அனுப்பி, மறுமுனையில் தனித்தனியே பிரித்தெடுக்க முயன்றார்கள். செய்திக்கு ஒரு சுருதி. அந்தச் சுருதிக்கு இசைவித்த எஃகுத் தகடு மட்டும் அங்கே அதிர வேண்டும். அன்று ஒரு தகடு சிக்கிக்கொள்ள, வாட்சன் அதை விரலால் சுண்டினார். அடுத்த அறையில் பெல்லின் காதில் விழுந்த அந்த ஒலி தொலைபேசிக்கு வழி திறந்தது. உலகம் தொலைபேசியைக் கொண்டாடியது. அதைப் பெற்றெடுத்த கேள்வியை மறந்தது. சிலிக்கான் சில்லின் மேல் ஒளிக்கு வடிப்பான் அமைப்பவர்களின் முன்னே இன்று அதே கேள்விதான் வந்து நிற்கிறது. ஒரே தடத்தில் கலந்து ஓடும் பல அலைநீளங்களில் வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் குலைக்காமல் எப்படிப் போகவிடுவது?

விடையின் வேர் லண்டன் புனித பால் பேராலயத்தின் குவிமாடத்தில் இருக்கிறது. அங்கே சுவரோரம் முணுமுணுத்த சொல் எதிர்ப்புறத்தில் தெளிவாகக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே தவழ்கிறது என்று இயற்பியலாளர் ராலே பிரபு விளக்கினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், சதர்லாண்டுடன் சேர்ந்து அதே மாடத்தை ஆராய்ந்து 1921-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வளைவை ஒட்டி ஓடும் அலை ஒளியாகவும் இருக்கலாம் என்பதை எடுத்துக்கொண்டு, 1969-இல் பெல் ஆய்வகத்தின் மார்க்கட்டிலி வளைய வடிப்பானைக் காகிதத்தில் வரைந்தார். அதைச் செதுக்கும் நுட்பம் அன்று இல்லை. ரிச்சர்ட் சோரெஃப் 1980-களின் நடுவில் சிலிக்கானுக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திக் காட்டினார். சில்லின் மேல் அந்த வளையம் நம்பிக்கைக்குரிய கருவியாக மாற 1990-களின் பிற்பகுதி ஆயிற்று. ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

அந்த வளையத்தை அருகே சென்று பார்க்க வேண்டும். ஒளி ஓடும் சிலிக்கான் பாதையின் உயரம் பெரும்பாலும் 220 நானோமீட்டர், அகலம் அதைப்போல் இரு மடங்கு. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5, சூழ்ந்திருக்கும் சிலிக்காவுக்கு 1.44. இந்தப் பெரிய வேறுபாட்டால், 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வளைவில்கூட ஒளி சிதறாமல் திரும்புகிறது. பாதைக்கும் வளையத்துக்கும் இடையே சுமார் 200 நானோமீட்டர் இடைவெளி. ஒளியலையின் விளிம்பு அதைத் தாண்டிக் கசியும். வளையத்தின் சுற்றளவில் முழு எண்ணிக்கையாக அடங்கும் அலை மட்டும் உள்ளே சுற்றிச் சுற்றி வலுப்பெற்று, மறுபக்கப் பாதைக்கு இறங்குகிறது. மற்றவை கடந்து போகின்றன. ஆனால் ஒற்றை வளையத்தின் தேர்வு ஊசிமுனைபோல் குறுகியது. செய்தி சிதையாமலிருக்க உச்சி தட்டையாகவும் ஓரங்கள் செங்குத்தாகவும் வேண்டும் என்பதால் பல வளையங்களை அடுத்தடுத்துக் கோக்கிறார்கள். அவற்றின் இடைவெளிகளைக் கணக்கிடப் பெரிதும் பயன்படுபவை கணிதவியலாளர் செபிஷேவின் பல்லுறுப்புக் கோவைகள். நீராவி எந்திரத்தின் இணைப்புத் தண்டுகளை ஏறத்தாழ நேர்க்கோட்டில் நகர்த்தும் வழியை ஆராய்ந்தபோது 1850-களில் அவர் கண்டடைந்தவை அவை. எந்திரங்கள் காட்சியகத்துக்குப் போய்விட்டன; அந்தக் கணக்கு மின் வடிப்பான் வழியாக ஒளிக்கு வந்து சேர்ந்தது. நாம் எத்தனை பேருடைய உழைப்பின் வாரிசுகள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியவில்லை. இந்த வடிப்பான்களை நாடும் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் அவசரத்தில் அந்த நினைவு தேய்வது வருத்தமாக இருக்கிறது.

வெப்பத்தால் அளவு பிசகும் பழைய துன்பமும் கூடவே வந்திருக்கிறது. வெப்பம் ஒரு பாகை ஏறினால் வளையத்தின் அலைநீளம் ஏறத்தாழ 0.08 நானோமீட்டர் நகர்கிறது. அருகருகே உள்ள அலைவரிசைகளின் இடைவெளி பல அமைப்புகளில் 0.8 நானோமீட்டர், பத்துப் பாகையில் வளையம் அடுத்தவரின் செய்தியை எடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வளையத்தின் மேலும் நுண்ணிய சூடேற்றி ஒன்றை வைத்து, ஓயாமல் மின்சாரம் செலவழித்து அதைச் சுருதியில் நிறுத்துகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன், பித்தளையும் எஃகும் வெவ்வேறு அளவில் நீள்வதைப் பயன்படுத்தி, ஊசலின் நீளம் மாறாமல் காத்தார். வெப்பத்தால் ஒளிவிலகல் எண் குறையும் டைட்டானியம் ஆக்சைடை வளையத்துக்கு உறையாகப் போர்த்தி, இன்றைய ஆய்வாளர்கள் அதே உபாயத்தைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வழக்கமான சில்லுத் தயாரிப்பு வரிசையில் அந்தப் பொருளுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை; பெரும்பாலான வளையங்கள் இன்னும் சூடேற்றியையே நம்பியிருக்கின்றன.