கணினி கற்போம்: கணக்குத் தாளுக்கு ஒரு தலைப்பு



உடப்புசல்லாவைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் தராசில்தான் முடிகிறது. நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர் விழலாம். ஆகவே ஒவ்வொரு நிறுவையையும் தானும் கொப்பியில் குறித்து வைப்பது நல்லது. கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதை எக்செல் தாளில் ஏற்றிக்கொள்ளலாம். திகதி, மலை, காலை, பகல், மாலை, மொத்தம் என ஆறு நிரல்கள் போதும்.

ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் இலக்கங்கள்தான் தெரியும். யாருடைய கணக்கு? எந்த மாதம்? சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுக் கேட்கப் போகும்போது, இந்தக் கேள்விகளுக்குத் தாளே பதில் சொல்ல வேண்டும்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அங்கு விற்பனைக்குப் போகும் தேயிலைச் சாக்கில் தோட்டத்தின் அடையாளம், தரம், நிறை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். பறித்தவளின் கணக்குக்கும் ஓர் அடையாளம் வேண்டாமா?

செய்யும் முறை இதுதான்:

1. இடது ஓரத்தில் உள்ள 1, 2, 3 என்ற நிரை எண்களைத் தெரிவு செய்யுங்கள். சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி 'இன்சர்ட்' என்பதைச் சொடுக்குங்கள். மேலே மூன்று வெற்று நிரைகள் வரும்.

2. ஏ1 கட்டத்தில் "கொழுந்து நிறுவைக் கணக்கு – 2025 மார்ச் (கிலோகிராம்)" என்று எழுதுங்கள். ஏ2இல் உங்கள் பெயர், பதிவு இலக்கம், தோட்டம், பிரிவு. மூன்றாம் நிரை வெறுமையாக இருக்கட்டும்.

3. ஏ1 முதல் எஃப்1 வரை தெரிவு செய்து, 'ஹோம்' பகுதியில் 'மேர்ஜ் அன்ட் சென்டர்' பொத்தானை அழுத்துங்கள். ஆறு கட்டங்களும் ஒன்றாகி, தலைப்பு நடுவில் வந்து நிற்கும்.

4. இரண்டாம் நிரைக்கும் இதையே தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துத் தெரிவு செய்தால் முதல் வரி மட்டுமே மிஞ்சும்; மற்றது அழிந்துவிடும். தவறினால் உடனே கொன்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

கட்டங்களை இணைக்காமலும் நடுப்படுத்தலாம். கொன்ட்ரோல், 1 இரண்டையும் அழுத்தி, 'அலைன்மென்ட்' பகுதியில் 'ஹொரிசொன்டல்' என்பதன் கீழ் 'சென்டர் அக்ரொஸ் செலெக்ஷன்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் கல்க் மென்பொருளிலும் கட்டங்களை இணைத்துத் தலைப்பை நடுப்படுத்தலாம்.

சகோதரிகளே, போர்க்காலத்தில் நிவாரணப் பட்டியல், பதிவு என்று எத்தனை வரிசைகளில் நின்றோம்! பெயரும் திகதியும் இல்லாத தாள் உதவாது என்பது நாம் பட்டறிந்த பாடம். தையல் வருமானமோ, கோழிப்பண்ணைச் செலவோ, சேமிப்புக் குழுவின் சந்தாவோ, எந்தக் கணக்கானாலும் முதலில் தலைப்பை எழுதுங்கள். எவருடையது, எதைப் பற்றியது, எந்த மாதம், எந்த அளவில் என்ற நான்கும் அதில் இருக்கட்டும்.

அடுத்த மாதம், மொத்தத்தைக் கணினியே கூட்டித் தரச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.