தறிக்காரர் தோளுக்கு ஊசி மட்டும் போதுமா?

"தோள்பட்டை புடிச்சுக்கிச்சுண்ணே, கையத் தூக்க முடியல!"

ராஜபாளையம் நூல் மில் வாசலிலும், சத்திரப்பட்டி தறிக்கூடத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்படியிலும் கேட்கிற பேச்சு இது. ஒருவர் அறுந்த இழையை இணைக்க ஷிப்ட் முழுக்க நடக்கிறார், குனிகிறார். இன்னொருவர் பேண்டேஜ் துணித் தறி முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறார். மற்றொருவர் கொதிக்கிற பாலை ஓயாமல் கிண்டுகிறார். வேலை வேறு, வலி ஒன்று.

வைத்தியம்? மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் தின்றால் வயிறு புண்ணாகும், கிட்னியும் கெடும். தோளைக் காப்பாற்றப் போய் உயிருக்கே உலை வைத்த கதைதான்!

இப்போது பெரிய நகரங்களில் 'டிரை நீட்லிங்' என்ற சிகிச்சையைப் பிசியோதெரபிஸ்டுகள் செய்கிறார்கள். ஊசி உண்டு, மருந்து கிடையாது. முடிச்சுப் போல இறுகிய தசையில் மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். தசை ஒரு துடி துடித்துத் தளரும்.

சங்கதி புதிதல்ல. 1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் டாக்டராக இருந்த ஜேனட் டிராவல் என்ற பெண்மணி, தசை முடிச்சுகளைத் தேடி ஊசி போட்டவர். மருந்தே இல்லாமல் வெறும் ஊசியும் வலியைக் குறைக்கிறது என்று 1979-ல் எழுதினார் செக் நாட்டு டாக்டர் கரேல் லெவிட். சீனத்து அக்குபஞ்சர் வேறு, இது வேறு.

பலன் உண்டா? உண்டு. சில வாரங்களுக்கு வலி குறைகிறது, கை கால் அசைவு கூடுகிறது. ஆனால் நீண்ட காலம் நிற்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. வலி குறைந்த அந்த நாட்களில் உடற்பயிற்சி செய்து தசையைப் பலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பழைய குருடி கதவைத் திறடிதான்!

ஆபத்தும் உண்டு. தோள், மார்புப் பக்கம் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைக் குத்திவிடும். கண்டவரிடம் முதுகைக் காட்டக் கூடாது. "என்ன படிச்சிருக்கீங்க, இதுல பயிற்சி உண்டா, ஊசி புதுசா?" என்று கேட்க வெட்கம் எதற்கு? பிசியோதெரபிஸ்டுகளைப் பதிவு செய்ய 2021-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது.

இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 100 ரூபாய்க்கு 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் கட்டுகிறார்கள். கட்டுகிற காசுக்கு, ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு மாலையில் பிசியோதெரபி கிடைக்க வேண்டாமா? பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடத்துக்கு அந்த இ.எஸ்.ஐ.யும் கட்டாயமில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி என்று சொல்லப்பட்டது. அது தறிக்கூட வாசலுக்கும் வரட்டும்.

முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. உட்கார ஒரு ஸ்டூல், இடையிடையே ஐந்து நிமிட ஓய்வு. பெரிய செலவில்லை.

ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத் துணி நெய்கிறது சத்திரப்பட்டி. நெய்கிறவர் வலியை யார் பார்ப்பது?