வேகம் வேறு, சுருக்கு வேறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு அரூர் பக்கம் ஒரு மைதானத்தில் பேரனின் கிரிக்கெட் பயிற்சியைப் பார்க்கப் போனேன். பதினொரு வயதுப் பையன். கையில் பெரியவர்கள் ஆடும் முழு அளவு மட்டை. "வளர்ற பையன், பெருசாவே வாங்கிடுங்க" என்று சொன்னது பயிற்சியாளர்தான். "நல்லாப் பின்னால தூக்கு, முழு பலத்தோட வீசு, பேட் ஸ்பீடு, பேட் ஸ்பீடு" என்று ஒரே கத்தல். பத்துப் பந்தில் ஏழு, மட்டை வருவதற்குள் தாண்டிப் போய்விட்டது. திட்டு மட்டும் பையனுக்கு.

நான் விளையாட்டு ஆசிரியர் இல்லை. கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில் சொல்கிறேன், இது தப்புப் பாடம்.

பந்தைத் தொடும் கணத்தில் மட்டை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது வேகம். வீச ஆரம்பித்ததிலிருந்து பந்தைத் தொட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது சுருக்கு. வீட்டில் "சுருக்கா வாடா" என்கிறோமே, அதுதான். பெரிய வட்டம் போட்டு வீசினால் கடைசியில் வேகம் வரும். அதற்குள் பந்து கீப்பர் கையில் இருக்கும். 140 கி.மீ. வேகப் பந்து மட்டையாளரிடம் வர ஏறக்குறைய அரை நொடிதான். யாருடைய வீச்சு சுருக்கோ, அவனுக்குப் பந்தைப் பார்க்க நேரம் மிஞ்சும்.

மட்டை விஷயத்துக்கு ஒரு சோதனை. கடப்பாரையை ஒரு முனையில் பிடித்துச் சுழற்றுங்கள், பிறகு நடுவில் பிடித்துச் சுழற்றுங்கள். எடை அதேதான். ஆனால் எடை கையை விட்டுத் தள்ளிப் போகப் போக, சிரமம் தூரத்தின் வர்க்கமாக ஏறும். பையன் கையில் முழு அளவு மட்டை முனையில் பிடித்த கடப்பாரைதான்.

அமெரிக்காவில் பேஸ்பாலில் இதை அளந்தே காட்டுகிறார்கள். 2024 முதல் ஒவ்வொரு ஆட்டக்காரரின் வீச்சு வேகமும் வெளியாகிறது. ஜியான்கார்லோ ஸ்டான்டன் சராசரி மணிக்கு 130 கி.மீ. லூயிஸ் அராயெஸ் சுமார் 100, கடைசி வரிசை. ஆனால் வீச்சு மிகக் குட்டை. 2022, 2023, 2024 மூன்று வருடமும் தன் லீக்கில் பேட்டிங் சராசரியில் முதலிடம் இந்த அராயெஸுக்குத்தான். ஹோம் ரன் அதிகம் அடிக்க மாட்டார், உண்மை. தூரம் அடிக்க வேகம் வேண்டும், மறுக்கவில்லை. முதலில் பந்து மட்டையில் படட்டும் ஐயா!

சச்சின் கனமான மட்டைதானே வைத்திருந்தார் என்று கமெண்டில் வருவீர்கள். வைத்திருந்தார். அந்த மணிக்கட்டு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பிராட்மேன் சிறுவனாக பௌரலில் ஒரு ஸ்டம்பால் கோல்ஃப் பந்தை அடித்துப் பழகினார். தண்ணீர்த் தொட்டியின் செங்கல் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை மறுபடி அடிக்க வேண்டும். பெரிய வட்டம் போட நேரமே கிடைக்காது. செலவும் இல்லை. இங்கே பாலக்கோட்டில் தக்காளி போட்டு விற்ற காசில் ஒரு அப்பா ஆயிரக்கணக்கில் கொடுத்து, பையனால் தூக்க முடியாத மட்டையை வாங்குகிறார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

முழு அளவு மட்டை இப்போது பரண் மேல். பேரன் காலையிலிருந்து பழைய ஸ்டம்பும் ரப்பர் பந்துமாக மாடித் தொட்டிச் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். பயிற்சியாளர் தம்பி இதைப் படித்தால் வீட்டுக்கு வரட்டும், கடப்பாரை வாசலிலேயே இருக்கிறது. சுழற்றிப் பார்க்கத்தான்.