எடை ஒன்று, அழுத்தம் வேறு

தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ள அமெரிக்காவில், எடை ஒன்றாயின் வெடிமருந்தின் அளவும் ஒன்றே என்னும் எண்ணம் இன்னும் அழியவில்லை. அஃது ஆபத்தானது. சியராவின் ஈய உள்ளீட்டுக் குண்டும் பார்ன்ஸின் முழுச் செப்புக் குண்டும் 168 கிரெய்ன் எடையில் கிடைக்கின்றன. செப்பு ஈயத்தினும் அடர்த்தி குறைந்தது. ஆகவே அக்குண்டு நீளமானது. தோட்டாவின் மொத்த நீளம் மாறாதிருக்க அதனை உறைக்குள் ஆழமாக அமிழ்த்த நேரும். உள்ளிடம் சுருங்கும், அழுத்தம் ஏறும். குழலில் உரசும் பரப்பும் வேறுபடும். .308 வின்செஸ்டருக்கு உச்சவரம்பு சதுர அங்குலத்திற்கு 62,000 பவுண்டு. அதைப் பெரிதும் மீறினால் சிதறக்கூடியது சுடுபவரின் கண்ணருகே உள்ள எஃகு. புதிய குண்டுக்குரிய கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுவதற்குச் சில தோட்டாக்களே கூடுதலாகச் செலவாகும். சிக்கனம் பேசுவோர் அதையும் மிச்சம்பிடிக்க முனைவது வியப்பே.