விசுவாசத்துக்குக் கட்சி அட்டை எதற்கு?

அமெரிக்காவில் உண்மையான கிறிஸ்தவர் குடியரசுக் கட்சிக்குத்தான் வாக்களிப்பார், கருக்கலைப்பு எதிர்ப்பே அதற்குச் சான்று என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1971-இல் செயின்ட் லூயிஸில் கூடிய தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற கிறிஸ்தவ சபை அமைப்பு, பாலியல் வன்கொடுமை, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல், மன நலத்துக்கு ஆபத்து போன்ற நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. அவர்கள் வாசித்ததும் இதே வேதாகமம்தான்.

கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் வீதியில் இறங்கிய 1965-இல், போதகர்களுக்கு அரசியல் ஆகாது என்று பிரசங்கித்தவர் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல். அவரே 1979-இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற கிறிஸ்தவ அரசியல் அமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு வாக்குத் திரட்டினார். எதிரே நின்ற ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்! பசித்தவனையும் அந்நியனையும் சிறையில் கிடப்பவனையும் பற்றிப் பேசும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை இந்த வாதம் தொடவே இல்லை. அதைத் தொடாதவரை இது கட்சிப் பிரசாரம்தான்.