மார்கழிக்கு ஒரு குத்துவிளக்கு போதும்

முப்பரிமாண மாடலிங் கற்க ஆரம்பிக்கும் மாணவர்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ப்ளெண்டரை இறக்கி, டுடோரியலைப் பார்த்துப் பார்த்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றிய ஒரு டோனட் செய்கிறார்கள். ஆண்ட்ரூ பிரைஸின் அந்த டோனட் பாடம் உலகப் பிரசித்தம். நல்ல பாடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுசீந்திரத்தில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து அதைச் செய்கிற ஒரு மாணவி டோனட்டை நேரில் பார்த்திருப்பாளா என்பதே சந்தேகம். (உளுந்து வடையும் அதே வடிவம்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை!)

இரண்டாவது வாரத்தில் ஆசை பெரிதாகிவிடும். "மார்கழித் திருவிழாவுக்குள்ள கோபுரத்தையே செஞ்சு எல்லாருக்கும் அனுப்பிரணும்" என்று முடிவு செய்வாள். தாணுமாலயன் கோயில் கோபுரம் ஏழு நிலை, 134 அடி உயரம், உடம்பெல்லாம் சுதைச் சிற்பங்கள். நாலு பெட்டியை அடுக்கியதும் கம்ப்யூட்டர் திணறும். முதல் நிலையில் பத்து பொம்மை வைப்பதற்குள் பரீட்சை வந்துவிடும். தேரோட்டம் முடிந்து தேர் நிலைக்கு வந்திருக்கும், கோபுரம் மட்டும் முதல் நிலையிலேயே நிற்கும். அதோடு "நமக்கு இது வராது" என்று மூடி வைத்துவிடுவாள்.

இங்கே சொல்ல வருவது இதுதான். அவளுக்குத் திறமை இல்லாமல் இல்லை. திட்டம்தான் தப்பு. பருவத்துக்குப் பருவம் ஒரு படம் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பருவத்தின் மிகச் சிறிய பொருளில் தொடங்குவதுதான் சரி. மார்கழிக்குக் கோபுரம் வேண்டாம். ஒரு குத்துவிளக்கு போதும்.

ஏன் குத்துவிளக்கு?

குத்துவிளக்கின் வடிவம் ஒரு கோட்டில் அடங்கிவிடும். விளக்கை நட்டநடுவே நெடுக வெட்டினால் தெரியும் பாதி ஓரத்தை மட்டும் வரைந்தால் போதும். அதை 360 பாகை சுழற்றினால் முழு விளக்கு வந்துவிடும். ப்ளெண்டரில் இதற்கு ஸ்பின் என்று பெயர். கடைசல் பட்டறையில் காலங்காலமாக நடப்பதும் இதேதான். நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளைத் தனித்தனிப் பாகமாக வார்த்து, கடைசல் பிடித்து, பிறகு திருகிச் சேர்க்கிறார்கள். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்று அவளும் அதே மாதிரி தனித்தனியாகச் செய்து சேர்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரக்கோட்டுக்கு 40 புள்ளி, சுழற்சிக்கு 32 படி. மொத்தம் சுமார் 1,250 முகங்கள். எந்தப் பழைய லேப்டாப்பும் இதைத் தாங்கும். பிறகு தட்டின் ஐந்து முகங்கள். ஒரு முகத்தைச் செய்துவிட்டு 72 பாகைக்கு ஒன்றாகத் திருப்பி வைத்தால் ஐந்தும் தயார். உச்சியில் இருக்கும் அன்னம் மட்டும் சுழற்றினால் வராது, கையால்தான் செதுக்க வேண்டும். ஆக, ஒரே விளக்கில் மூன்று பாடம். அதில் கடைசிப் பாடம் கஷ்டமானது, ஆனால் உள்ளங்கை அளவுதான்.

அடுத்தது நேரம். பத்து விநாடி அசைபடத்துக்கு, விநாடிக்கு 25 சட்டம் என்றால் 250 சட்டங்கள். ஒன்றை ரெண்டர் செய்ய இரண்டு நிமிடம் என்றால் 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். (அதனால் வீடியோவாக எடுக்காமல் ஒவ்வொரு சட்டத்தையும் தனிப் படமாகச் சேமிப்பதுதான் புத்திசாலித்தனம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.) எனவே திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். சுசீந்திரம் மார்கழித் திருவிழா பத்து நாள். ஒன்பதாம் நாள் தேரோட்டம், பத்தாம் நாள் ஆருத்ரா தரிசனம். கொடியேற்றத்துக்கு முன்பே ரெண்டர் முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு வெளிச்சம் வைக்கும் வேலை, அதற்கும் முன்பு மாடல். பரீட்சை எங்கே வருகிறது என்று பார்த்து அந்த நாட்களை முதலிலேயே அடித்துவிடுவது நல்லது.

போட்டோ எடுக்க முடியாதே!

பல மாணவர்களின் குறை இது. கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆக, தூண்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து மென்பொருளில் போட்டு மாடலாக்குகிற வித்தைக்கு அங்கே வழியில்லை. இதை நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஐம்பது போட்டோ எடுத்தவன் தூணைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறான். கண்ணால் பார்த்து, வெளியே வந்து, மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தால்தான் எது மறந்துபோனது என்று தெரியும். மறந்ததைப் பார்க்க மறுநாளும் போகத்தான் வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அது ஒரு கஷ்டமா?

அளவு பற்றிச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் மயிலாடி இருக்கிறது. கல் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். கல்லில் ஒரு மூக்கு உடைந்தால் உடைந்ததுதான், கன்ட்ரோல் இசட் கிடையாது. அதனால் உளி வைக்கும் முன்பே அளவு மனதில் நிற்க வேண்டும். சிற்ப சாஸ்திரத்தில் தாலம் என்று ஒரு முறை உண்டு. முகத்தின் நீளத்தை ஒரு அலகாக வைத்து மற்ற அங்கங்களின் அளவைச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் பொம்மை செய்து கை நீளமாகிவிட்டது, தலை பெரிதாகிவிட்டது என்று தவிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எந்த டுடோரியலில் கிடைக்கும்? கணபதி ஸ்தபதி உருவாக்கி 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைப் பாருங்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அறத்துப்பால் அதிகாரங்கள் 38, மொத்த அதிகாரங்கள் 133. முதலில் எண், பிறகுதான் கல்.

சரி, இவ்வளவு எதற்கு? "ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் படம் தந்துவிடுமே" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். தரும். ஆனால் கேட்டவருக்குப் படம் மட்டும்தான் மிஞ்சும். விளக்கைச் செய்தவளுக்கு விளக்கு எப்படி நிற்கிறது என்று தெரிந்திருக்கும். அடுத்த வருடம் அதே விளக்கை எடுத்துப் பாவை விளக்கின் கையில் வைக்கலாம், அதற்கடுத்த வருடம் அந்தப் பாவையைத் தூணில் நிறுத்தலாம். தூண் ஒன்று சரியாக வந்துவிட்டால், நகலெடுத்துப் பிரகாரமே கட்டலாம். கோபுரம் எங்கேயும் ஓடிப்போகாது.

பருவத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆவணியில் ஓணத்துக்கு அத்தப்பூ, அதற்குத் தோவாளைப் பூ. டிசம்பரில் மாவட்டம் முழுக்க வீட்டு வாசலில் நட்சத்திரமும் குடிலும். அதே மாதத்தில் மார்கழிக் கோலம். வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். குளிர்காலத்தில் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வரும் பறவைகள் வேறு. அந்த ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது. பனிமனிதனை இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

ப்ளெண்டரே கூட சின்னச் சின்னக் கைகளால் பிழைத்த மென்பொருள்தான். 2002இல் அதை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்டபோது, ஆர்வலர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்த்து அதை எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியாவின் 'ஃப்ளோ' அதில் செய்யப்பட்டதுதான். அந்த நாட்டின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு, கன்னியாகுமரி மாவட்டத்தின் அளவுதான்!

ஆகவே, டோனட் முடித்தவர்கள் இன்று சாயங்காலம் பூஜையறையில் இருக்கும் விளக்கின் முன்னால் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பாதி ஓரத்தை மட்டும் வரைந்து பாருங்கள். தண்டில் எத்தனை வளையம் என்று எண்ணாமல் சொல்ல முடிகிறதா?