ஒப்பிட வேண்டியது விடைகளையா, வினாக்களையா?

தேர்வு முடிந்து வெளியே வரும் மாணவர்கள் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது, தேர்வுகளைப் போலவே பழைய வழக்கம். "நாப்பத்தேழுக்கு என்ன போட்ட?" என்று தொடங்கும் அந்தப் பேச்சில் பதற்றமும் உண்டு, படிப்பும் உண்டு. வகுப்பறையில் விளங்காத ஒன்று, மரத்தடியில் நண்பனோடு வாதிடும்போது சட்டென்று விளங்கிவிடும். ஆனால் அந்தப் பேச்சு நிகழ்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருவர் கையிலும் இருப்பது ஒரே வினாவாக இருக்க வேண்டும். தமிழில் நீட் எழுதிய பிள்ளைகளுக்கு இந்த எளிய நிபந்தனைகூட வாய்க்காத ஆண்டுகள் உண்டு. நீட் வேண்டுமா, வேண்டாமா என்னும் பெரிய விவாதத்துக்குள் நாங்கள் இங்கே நுழையவில்லை. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறோம், அது மொழிபெயர்ப்பு.

2017-இல் அத்தேர்வு 10 மொழிகளில் நடந்தது. மாநில மொழிகளில் எழுதியோருக்குக் கிடைத்த வினாக்கள் ஆங்கிலத் தாளின் வினாக்களிலிருந்து வேறுபட்டிருந்தன. ஆங்கிலத்தில் எழுதியவனும் தமிழில் எழுதியவளும் சந்தித்தால் ஒப்பிடுவதற்கு எதுவுமே இல்லை. வழக்குகளுக்குப் பிறகு, அடுத்த ஆண்டிலிருந்து எல்லா மொழிகளுக்கும் ஒரே வினாத்தாள் என்று முடிவாயிற்று.

அந்த ஒரே வினாத்தாள் 2018 மே 6 அன்று வந்தது. 180 நிமிடங்களில் 180 வினாக்கள். அவற்றில் சரிபாதி, அதாவது 90, உயிரியல். சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறானால் 1 குறையும். உயிரியல் வினாக்களில் ஒன்று விரிபரிணாமத்துக்குப் பொருந்தாத எடுத்துக்காட்டைக் கேட்டது. மனிதன், வௌவால், சீட்டா ஆகியவற்றின் முன்னங்கால்கள் ஒரு தெரிவு; அதே மூன்றின் இதயம் இன்னொன்று; மூளை மற்றொன்று. ஆக்டோபஸ், வௌவால், மனிதன் ஆகியோரின் கண் நான்காவது; விடையும் அதுவே. தமிழ்த் தாளில் அந்தச் 'சீட்டா', 'சீத்தா' ஆகியிருந்தது. சிறுத்தை என்றோ சிவிங்கிப்புலி என்றோ இருந்திருந்தால் புரிந்திருக்கும். சீத்தா என்றால் நம் பிள்ளைகளுக்குப் பழம்தான் நினைவுக்கு வரும். பழத்துக்கு ஏது இதயமும் மூளையும்?

ஆக்டோபஸின் கண் தனி வழியில் உருவானது என்று அறிந்தவர் சீத்தாவைத் தாண்டியும் விடையைப் பிடித்திருக்கலாம், மறுக்கவில்லை. பக்கத்திலேயே ஆங்கில வடிவமும் இருந்ததே என்றும் கேட்கலாம். ஆனால் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமே இருக்கும் அரங்கில், தன் தாய்மொழியை ஐயுற்று, வேறொரு மொழியில் சரிபார்த்துத் திரும்புவதற்கான நேரத்தை யார் தருவார்கள்? ஆங்கிலத்தில் படித்துவிட முடியும் என்றால் அவர்கள் ஏன் தமிழைத் தேர்ந்தெடுத்திருக்கப் போகிறார்கள்?

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்பது முறையீடு. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு 2018 ஜூலையில் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எல்லோருக்கும் ஒரே அளவாக மதிப்பெண்ணை அள்ளித் தருவது நியாயமாகாது என்னும் வாதத்தில் பொருள் உண்டு என்றே கருதுகிறோம். ஆயினும் அந்தத் தீர்வு போனபின், அதன் இடத்தில் வேறு தீர்வு எதுவும் அந்தப் பிள்ளைகளுக்கு வரவில்லை. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. பின்வந்த ஆண்டுகளிலும் அதுவே தொடர்ந்தது. அவ்விதியின்படி தமிழ் வினா ஒரு மரியாதைக்கு அச்சிடப்பட்ட நிழல் மட்டுமே. நிழலை நம்பியவர் இழப்பைத் தாமே சுமக்க வேண்டும்.

தமிழில் அறிவியல் சொல் இல்லை என்னும் பழைய பல்லவி இங்கே செல்லாது. நம் பாடநூல்களில் திசு உண்டு, நொதி உண்டு, ஒளிச்சேர்க்கை உண்டு. நாம் செல் என்பதை ஈழத்தவர் கலம் என்பர். நமது திசு அவர்களுக்கு இழையம். இரண்டும் நல்ல தமிழே. ஆனால் மாணவரிடம் கேட்கும்போது அவர் படித்த சொல்லில்தான் கேட்க வேண்டும். இதற்குப் பெரும்புலமை தேவையில்லை. மொழிபெயர்ப்பவர் மேசையில் மாநிலப் பாடநூல் இருந்தால் போதும்.

நாங்கள் கேட்பவை மூன்று. கலைச்சொற் பட்டியலைத் தேர்வுக்கு முன்பே வெளியிடுங்கள். அந்தப் பாடத்தைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியரிடம் மொழிபெயர்ப்பைச் சரிபாருங்கள். விடைக்குறிப்பை மறுக்க வழி இருப்பதுபோல், மொழிபெயர்ப்பை மறுக்கவும் வழி கொடுங்கள். பிழையென்று தெளிந்தால், அந்த வினாவை அம்மொழியில் எழுதியோருக்கு மட்டும் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

கவிதையில் ஒரு சொல் பிறழ்ந்தால் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதுகிறோம். வினாத்தாளில் பிறழும் சொல்லுக்கும் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். கவிதை மறுபதிப்பில் திருந்தும். பதினேழு வயதில் எழுதிய தேர்வுக்கு மறுபதிப்பு இல்லை.